துருத்தியின் மூலைகள்

தோக்கியோவின் பழைய கேமராக் கடைகளில், பித்தளையும் பழுப்பு மரமுமாக மடங்கிக் கிடக்கும் பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைத்தான். யார் செய்தது, எந்த வருஷம், எத்தனை மில்லிமீட்டர்? நான் சனிக்கிழமைகளில் வேலை பழகும் பட்டறையில் லென்ஸுக்கு மரியாதை கடைசியில்தான். லென்ஸ் பலகையைக் கழற்றித் துணியில் சுற்றி ஓரமாக வைத்த பிறகே பேச்சு ஆரம்பிக்கும்.

இதில் நியாயம் இருக்கிறது. 1873ல் ஒரு மருந்துக் கடையில் புகைப்படச் சரக்கும் சேர்த்து விற்கத் தொடங்கிய கொனிஷி நிறுவனத்தாரின் வியாபாரம்தான் பிற்காலத்தில் கொனிக்கா ஆனது. அவர்களும் போட்டிக் கடைக்காரர்களும் உள்ளூரிலேயே பெட்டி செய்ய ஆரம்பித்தபோது ஜப்பானில் நல்ல ஒளியியல் கண்ணாடி கிடையாது. லென்ஸும் ஷட்டரும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தன. நிப்பான் கோகாக்கு என்ற ஒளியியல் கம்பெனி தொடங்கியதே 1917ல்தான். கொனிஷியின் சொந்த லென்ஸான ஹெக்ஸார் வெளிவர 1931 ஆகிவிட்டது. அதுவரைக்கும் ஜப்பானியக் கேமரா என்றால் வெளிநாட்டுக் கண் பொருத்திய உள்நாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஆணி அடிக்காமல் அலமாரியும் இழுப்பறையும் கோக்கிற நுண்தச்சர்கள். ஆகவே இதைத் தச்சு வேலையாகப் பார்க்காதவர் பழுது பார்க்க உட்காரக் கூடாது என்பது எங்கள் ஒயகாத்தாவின் கட்சி. பட்டறைத் தலைவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறோம்.

அமைப்பு பெரும்பாலும் ஆங்கிலேயர்களுடையது. முன்பலகை, பின்பலகை, நடுவே துருத்தி, அடியில் பற்சக்கரம் ஓடும் தண்டவாளம். முக்காலியில் ஏற்றிப் பிரித்து நிறுத்தும் பெரிய பெட்டிகள் ஒரு வகை. 1909ல் கொனிஷி விற்ற லில்லி மாதிரி, தோல் போர்த்திய சின்ன மடிப்புப் பெட்டிகள் இன்னொரு வகை. பார்த்துச் செய்தது என்பதைக் குறையாகச் சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலப் பெட்டி மகாகனியில் வந்தது. இங்கே பெரும்பாலும் செர்ரி. மரம் மாறினால் பலகையின் தடிமன், இணைப்பின் ஆழம், திருகின் இடம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் ஆகவேண்டும். தோக்கியோவில் ஜூன் மழையில் ஊறும் பலகை ஜனவரிக் காற்றில் வற்றும். மரம் ரேகையின் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். பழைய பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால், அகலப் பலகையை நாலாபுறமும் ஒட்டாமல் ஒரு காடிக்குள் சும்மா செருகி விட்டிருப்பார்கள், அசைய இடம் வேண்டுமென்று. பின்னால் வந்த யாரோ அந்தக் காடியில் பசையைக் கொட்டிய பெட்டிகள்தான் நடுவில் வெடித்து எங்களிடம் வருகின்றன.

உளி தீட்டுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தீட்டினேன், தீட்டிக்கொண்டே இருக்கிறேன். இழைப்புளியை இங்கே தன் பக்கம் இழுத்து ஓட்டவேண்டும். தோள் அதற்குப் பழகியது.

பசையைப் பற்றிச் சொல்லலாம். நம் ஊர்த் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம்தான், இங்கே நிகாவா. முதல் நாள் இரவே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குகிறோம். அறுபது டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். நவீனப் பசை இதைவிடக் கெட்டி, வேலையும் சுலபம். ஆனால் வச்சிரம் போட்ட இணைப்பு, வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தால் விட்டுக்கொடுக்கும். நூறு வருஷத்துக்கு முந்திய புறாவால் இணைப்பைச் சிராய் எழாமல் பிரிக்க முடிவது அதனால்தான். எபாக்சி ஊற்றிய பெட்டி வந்தால் ஒயகாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார். ரம்பத்தை எடுத்து வைப்பார்.

மரம் எனக்கு ஓரளவு சீக்கிரம் பிடிபட்டது. நாள் பிடித்தது துருத்தி. பழைய துருத்தியின் தோல் மடிப்பு ஓரங்களில் பொடியாகிக் கையில் செம்மண் மாதிரி ஒட்டும். அதைக் கழற்றி விரித்து அளவெடுத்து, கருப்புப் பருத்தித் துணியில் பென்சிலால் மடிப்புக் கோடு போடுகிறோம். கோட்டுக்குக் கோடு ஒரு மெல்லிய அட்டைப் பட்டை ஒட்டவேண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் விடும் சந்தில்தான் மடிப்பு விழும். சந்து குறைந்தால் துருத்தி விறைத்துக்கொண்டு பெட்டி மூடாது. கூடினால் வயிறு தொய்ந்து படத்தின் கீழ் ஓரத்தை மறைக்கும். மேலே, ஓரம் சீவி மெலிதாக்கிய தோல். குழாயாக வளைத்து ஒட்டும் இணைப்பு அடிப்பக்கமாகப் போகவேண்டும், கண்ணில் படாது, வெயிலும் படாது.

பிறகு மடிப்பு. மேலும் கீழும் ஒரே சமயத்தில் கிள்ளி ஒரு மடிப்பு எடுக்கவேண்டும், அடுத்து இடதும் வலதும். பசை காய்வதற்குள் கடைசி மடிப்பு வரை போய்விட வேண்டும். மூலைகளில் அட்டை கிடையாது, தோலும் துணியும் மட்டும். அங்கே மடிப்புகள் தாமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். விரலால் அழுத்தித் திணித்தால் அப்போதைக்குப் படியும், நாலு தடவை திறந்து மூடியதும் அதே இடத்தில் ஊசித்துளை விழும். தந்தத் தகடு மாதிரியான எலும்புக் கத்தியை வெறுமனே பக்கத்தில் காட்டி, தோலே போக நினைக்கும் பக்கம் விட்டுவிட வேண்டும். எங்கே தொடக் கூடாது என்பதைத்தான் அதிகமும் பழகினேன். முடிந்ததும் மடித்து மேலே கனமான பலகை ஏற்றி வைக்கிறோம். சோதனை எளிது: அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் சின்ன விளக்கை விட்டு, நீட்டியும் குறுக்கியும் சுற்றிப் பார்ப்பது. ஒளி கசிந்தால் அது மூலையில்தான்.

அடுத்த சோதனை பின்பக்கம். முழுப் பெட்டியையும் புதுசுபோல் ஆக்கிவிட்டு இதை விட்டுவிடும் கடைகள் இருக்கின்றன. பளபளப்பு ஏற்றுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டினால் தேவலை. போட்டோ எடுப்பவர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தலைகீழ்ப் படத்தைப் பார்ப்பது கிரவுண்ட் கிளாஸில். அதன் சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பிளேட் ஹோல்டரை மாட்டியதும் மருந்து பூசிய கண்ணாடி பிளேட்டின் முகம் மிகச் சரியாக அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். எப்போதோ உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வேறொன்றை மாட்டியவர்கள் திருப்பி மாட்டியிருந்தால், கண்ணாடியின் தடிமனால் குறி தவறிவிடும். கிரவுண்ட் கிளாஸில் மூக்கு துல்லியமாக இருக்கும், பிளேட்டில் காது துல்லியமாக வரும். பின்சட்டத்தின் குறுக்கே ஓர் இரும்பு அளவுகோலைக் கிடத்தி, ஆழமானியின் நாக்கை முதலில் கிரவுண்ட் கிளாஸ் வரை இறக்கி அளவெடுப்போம், பிறகு ஹோல்டருக்குள் பிளேட் வரை. இரண்டும் ஒத்து வராவிட்டால் சட்டத்தின் படியில் மெல்லிய காகிதம் ஒட்டியோ சீவியோ சரிசெய்வோம்.

ஷட்டர் பெரும்பாலும் சுருள்துணி வகை. தார்ண்டன் பிக்கார்டு என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் அமைப்பைப் பார்த்து இங்கேயே நிறையச் செய்தார்கள். இன்றும் அதை 'சொரொன்டொன்' என்றுதான் சொல்கிறார்கள். ரப்பர் பூசிய துணி மாற்றி, சுருள்வில்லை இறுக்கினால் வேலை முடிந்தது.

இத்தனையும் செய்து கொடுத்தபின் வாடிக்கையாளர் கேட்பார்: இதில் என்ன போட்டு எடுப்பது? பெட்டி பெரும்பாலும் கபினே அளவு, 120க்கு 165 மில்லிமீட்டர். அந்த அளவில் பிளேட் கிடைப்பது அரிது. ஐந்துக்கு ஏழு அங்குலப் பிலிம் இருபக்கமும் பெரிசு, நுழையாது. எக்ஸ்ரே பிலிமை வாங்கிச் சிவப்பு விளக்கில் நறுக்கிக்கொள்ளச் சொல்கிறோம். அதற்குச் சிவப்பு தெரியாது. ஆனால் பிலிம் பிளேட்டைவிட எவ்வளவோ மெலிசு. வெறுமனே ஹோல்டரில் போட்டால் பாடுபட்டுச் சரிசெய்த ஆழம் மறுபடி தவறிவிடும். அதனால் பிலிமைப் பிடிக்க ஒரு தகரத் தட்டும், அதற்குப் பின்னால் செருக அளவாக நறுக்கிய அட்டையும் சேர்த்துத்தான் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறோம்.