போகிறேன் என்று சொல்லும் உரிமை

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை நீளும் இந்தக் கரையோரத்தில் நியமனக் கடிதம் என்ற ஒன்றைக் கையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களுமே. உப்பளத்தில் உப்பு வாருபவனுக்கும், இறால் பண்ணையில் இராக்காவல் நிற்பவனுக்கும், புத்தளம் நகரத்துப் புடைவைக் கடையில் துணி விரிக்கும் பெண்ணுக்கும் வேலை வாய்ச்சொல்லாற் கிடைக்கிறது, வாய்ச்சொல்லாலேயே பறிபோகிறது. அப்போது முன்னறிவித்தல் பற்றி எவரும் பேசுவதில்லை. தொழிலாளி தானாக விலக முற்படும்போது மட்டும் 'சட்டம்' என்ற சொல் திடீரெனக் கடை வாசலில் வந்து நிற்கிறது!

என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி அத்தகைய கடையொன்றில் நான்கு ஆண்டுகள் நின்றாள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்து குடிசை போட்ட குடும்பத்தின் மகள். வேறிடத்தில் நல்ல வேலை கிடைத்தது. மூன்று மாதம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும், இல்லையேல் கடைசிச் சம்பளமும் இல்லை, வாங்கி வைத்த பரீட்சைச் சான்றிதழும் இல்லை என்றாராம் முதலாளி.

"சேர், நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கல்லையே. பிறகு எங்கால மூண்டு மாசம்?" என்று கேட்டாள்.

நான் தமிழ் வாத்தியார், சட்டம் பயின்றவனல்லன். எனினும் அவள் கேள்விக்கு விடை தேடுவது கடினமாயிருக்கவில்லை. எழுத்து இல்லாவிடினும் ஒப்பந்தம் உண்டு. ஆனால், விலகும் தொழிலாளி இத்தனை நாள் அறிவித்தல் தரவேண்டும் என்று தனியார் துறை முழுவதற்கும் பொதுவாக விதிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. உடன்பாடு இல்லாதவிடத்து நியாயமான கால அறிவித்தல் போதும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதம் என்பது வழக்கம். வேலை நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்கும் கடமையை 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் முதலாளி மீதே சுமத்தியுள்ளது. எழுதிக் கொடுக்காதவர், எழுதாத மூன்று மாதத்தைக் கேட்கிறார்! அறிவித்தலின்றிப் போனதால் நட்டம் வந்ததென்றால் அவர் வழக்காடலாம். உழைத்து முடித்த நாட்களின் கூலியோ உழைத்தவளுடையது. சான்றிதழும் அவளுடையதே.

இந்த மிரட்டலுக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப் போன கூலியைச் சிறைக்கு அனுப்ப இடந்தந்தது. மலையகத்திலே, பழைய தோட்டத்துக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிய 'துண்டு' இன்றி இன்னொரு தோட்டம் ஏற்காது. அத்துண்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1950இல் ஏற்றது. ஆயினும் முற்பணம் என்ற துண்டு ஒழியவில்லை. கரைவலை இழுப்பவன் சம்மாட்டியிடம் வாங்கிய பணம் தீராமல் வேறு வலைக்குப் போவது எளிதன்று. அங்கே எந்தக் கட்டளைச் சட்டத்தையும் எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

காப்புச் சட்டங்களிலும் ஓட்டைகள் உண்டு. வேலைநீக்கத்துக்கு ஆணையாளரின் அனுமதி கேட்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறைவான இடத்தைத் தொடாது. நமது கடைவீதியிற் பதினைந்து பேர் நிற்கும் கடைகள் எத்தனை? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டுச் சேவை கேட்கிறது, இவளுக்கு நான்குதான். சேமலாப நிதி மட்டும் ஒரே ஊழியர் இருந்தாலும் உரியது: ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி 12. அவள் பெயரில் ஒரு சதமேனும் கட்டப்பட்டிருக்கவில்லை.

விண்ணப்பக் கடிதம் எழுதப் பாடப்புத்தகம் கற்பிக்கிறது. இராசினாமாக் கடிதத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே இருவரும் இருந்து எழுதினோம். வேலையிற் சேர்ந்த திகதி, இன்றைய திகதி, ஒரு மாதத்தின் பின் விலகும் திகதி, தரவேண்டிய சம்பளம், சான்றிதழ். ஏழு வரிகள். 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை அவளே வெட்டினாள். பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

முப்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. தொழில் திணைக்களத்தில் முறையிட்ட பின்னர் சம்பளமும் வந்தது. சேமலாப நிதி விசாரணை அடுத்த மாதம். இப்போது அதே கடையில் நிற்கும் வேறு இரு பெண்கள் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேட்டிருக்கிறார்கள்.