பூஜ்ஜிய நோட்டு

ஐரோப்பாவுக்குப் போய்வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் சாவிக்கொத்துக்குப் பதிலாகப் பூஜ்ஜிய யூரோ நோட்டு வாங்கி வருகிறார்கள். 2015இல் பிரான்சில் தொடங்கிய பழக்கம். அருங்காட்சியகம், கோட்டை, தேவாலயம் என்று இடத்துக்கொரு படம். நீர்க்குறி, ஹாலோகிராம், வரிசை எண் எல்லாம் அசல் நோட்டைப் போலவே இருக்கும். ஆனால் அதைக் கொடுத்து ஒரு டீகூடக் குடிக்க முடியாது. கார்ல் மார்க்ஸின் 200ஆவது பிறந்தநாள் வந்த 2018இல், அவர் பிறந்த டிரியர் நகரில் அவர் முகம் போட்ட பூஜ்ஜிய நோட்டு 3 யூரோவுக்கு விற்றது. மனிதர் இருந்திருந்தால் ‘மூலதன’த்துக்கு இன்னொரு பாகம் எழுதியிருப்பார்.

எனக்கு அந்த நோட்டில் பிடித்தது அதன் நேர்மை. பினாங்கில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஜப்பானியர் ஆண்ட காலத்துப் பத்து வெள்ளி நோட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. குலை தள்ளிய வாழை போட்டிருக்கும். மலாய்க்காரர்கள் ‘டூயிட் பிசாங்’, அதாவது வாழைக் காசு என்பார்கள். முதலில் வரிசை எண் இருந்தது; பிறகு அதுவும் போய், ‘எம்’மில் தொடங்கும் எழுத்துகள் மட்டும் மிஞ்சின. எண்ணே இல்லாத நோட்டை எவ்வளவு அச்சடித்தாலும் கேட்பாரில்லையே! அச்சடிக்க அச்சடிக்க அரிசி விலை ஏறியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அத்தனையும் வெறுங்காகிதம். பத்து என்று எழுதியிருந்த பூஜ்ஜியம் அது.

“இந்தப் பூஜ்ஜிய நோட்டு நாளைக்கு விலை ஏறுமா தாத்தா?” என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் வாங்காதே அய்யா, போய்ப் பார்த்த இடமென்றால் வாங்கு என்பேன். இந்தியாவின் ஆயிரம் ரூபாய் நோட்டில் ஒரு காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978 ஜனவரியில் அந்த நோட்டு செல்லாது என்றார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட நம்முடைய மலேசிய ஆயிரம் வெள்ளி நோட்டும் 1999 ஜூலை 1 முதல் செல்லாமல் போனது. கட்டடம் கோலாலம்பூரில் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

வாங்கியதை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுன் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் பழுப்புப் புள்ளி போடுமே என்று அப்படிச் செய்யத் தோன்றும். பிவிசி உறையும் காலப்போக்கில் நோட்டைக் கெடுக்கும். நோட்டின்மேல் எழுதவும் வேண்டாம். எந்த நாள், யாரோடு போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று தனிச் சீட்டில் எழுதிப் பின்னால் வையுங்கள். சீட்டு இல்லாமல் கொண்டுவந்து நீட்டினால், எந்த ஊர் நோட்டானாலும் என் ஆல்பத்தில் சேர்ப்பதில்லை.