நடுவர் தவறினார்

பங்குத் திருவிழாவையொட்டி நடைபெறும் போட்டிகளுள் வினாடி வினாவுக்கு எப்போதும் தனிச் சிறப்பு உண்டு. பேச்சுப் போட்டிக்கு வாராத கூட்டம் இதற்குத் திரண்டு வரும். விந்தைச் செய்திகளைத் திரட்டுவதில் நமக்கு இளமை முதலே பெருவிருப்பம். நாளேடுகளிலும் வார இதழ்களிலும் கண்டவற்றையெல்லாம் பழைய கணக்கேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தோம். அதனால் வினாக்களைத் தொகுக்கும் பொறுப்பும் நடுவர் நாற்காலியும் ஆண்டுதோறும் நமக்கே வந்து சேரும். அந்தப் பெருமை நமக்கு இனித்தது என்பதை மறைப்பானேன்?

2004-ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. இரண்டு அணிகளும் சமநிலையில் நின்றன. கடைசி வினாவை நாம் கேட்டோம்: “நிலவிலிருந்து பார்த்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய, மனிதர் கட்டிய ஒரே அமைப்பு எது?”

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “அப்படி எதுவும் தெரியாது, ஐயா” என்றாள்.

அரங்கில் சிரிப்பொலி எழுந்தது. நாமும் சிரித்துக்கொண்டே “தவறு” என்றோம். எதிரணிச் சிறுவன் “சீனப் பெருஞ்சுவர்” என்றான். கைத்தட்டல் ஓய்வதற்குள் ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் வெற்றியும் அறிவிக்கப்பட்டது. எவர்சில்வர் தம்ளர்கள் பரிசாக வழங்கப்பட்டன. அச்சிறுமி வாதாடவில்லை. தலையைத் தாழ்த்தி அமர்ந்துவிட்டாள்.

சில வாரங்களுக்குப் பின், நூலகத்தில் பழைய நாளேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். 2003 அக்டோபரில் விண்வெளிக்குச் சென்ற முதல் சீனரான யாங் லிவேய் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. பூமியை 14 முறை சுற்றித் திரும்பிய அவரிடம், பெருஞ்சுவர் தெரிந்ததா என்று கேட்டிருக்கின்றனர். தமக்குத் தெரியவில்லை என்று அவர் ஒளிவின்றிக் கூறிவிட்டார். சில நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே அவருக்குத் தெரியாதது, ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலவிலிருந்து எங்ஙனம் தெரியும்? நமக்கு உடல் வியர்த்தது.

எண்ணிப் பார்த்தால் இது எளிய கணக்கே. பெருஞ்சுவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுடையது. ஆனால் அதன் அகலம் ஒரு சாலையின் அகலமே. அதைச் சுற்றியுள்ள மண்ணின் நிறமும் கல்லின் நிறமுமே பெரும்பாலும் அதற்கும் நிறம். நிலவிலிருந்து அதைக் காண்பது, ஒரு தலைமயிரை மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காண்பதை ஒக்கும். அமெரிக்க நாளேடுகளில் ராபர்ட் ரிப்ளி என்பவர் தீட்டி வந்த ‘நம்பினால் நம்புங்கள்’ என்னும் சித்திரப் பகுதியில் 1932-லேயே இக்கூற்று இடம்பெற்றுவிட்டது. நிலவில் மனிதன் கால் வைத்ததோ 1969-இல்! எவரும் சென்று பாராத இடத்திலிருந்து என்ன தெரியும் என்பதை உலகம் 37 ஆண்டுகள் முன்னதாகவே முடிவு செய்துவிட்டது. நாமும் அதை ஏட்டில் எழுதிக்கொண்டோம்.

அன்றிரவே பழைய கணக்கேட்டை எடுத்து அமர்ந்தோம். ஒவ்வொன்றாகத் தக்க நூல்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கப் பல மாதங்கள் ஆயின. ‘ஐன்ஸ்டைன் பள்ளியில் கணக்கில் தோற்றவர்’ என்று ஒரு குறிப்பு. தேர்வில் தவறிய எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி ஆறுதல் கூறியிருக்கிறோம்! உண்மை வேறு. 1896-இல் சுவிட்சர்லாந்தில் அவர் பெற்ற பள்ளிச் சான்றிதழில் கணிதத்துக்கு 6-க்கு 6 மதிப்பெண். அதற்கு முந்திய ஆண்டு, உரிய வயது நிரம்பாமலே சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதித் தேறாமற் போனார்; அப்போதும் கணக்கில் அவர் சிறந்தே விளங்கினார்.

‘நெப்போலியன் குள்ளன்’ என்று மற்றொரு குறிப்பு. அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம் எனக் குறிக்கப்பட்டது மெய்யே. ஆனால் அது பிரெஞ்சு அங்குலம். ஆங்கில அங்குலத்தினும் பெரியது. நம் கணக்கில் ஏறக்குறைய 5 அடி 6 அங்குலம் ஆகும். அக்காலப் பிரெஞ்சுக்காரருள் அது குறைந்த உயரமன்று.

ஆனால் ஏட்டைத் திருத்துவது எளிது. ஒரு பிள்ளைக்கு இழைத்த தவற்றைத் திருத்துவதே கடினம். அறுபதைக் கடந்த நாம் எட்டாம் வகுப்புச் சிறுமியிடம் போய்த் தலைகுனிவதா என்று மனம் இரண்டு ஞாயிறுகள் தயங்கிற்று. மூன்றாம் ஞாயிறு மாலை அவள் இல்லத்துக்குச் சென்றோம். “அன்று நீ சொன்னதே சரி, மகளே. நடுவர்தாம் தவறினார்” என்றோம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு மெல்லிய குரலில், “பள்ளியில் அறிவியல் ஆசிரியை படித்துக் காட்டிய செய்திதான், ஐயா. ஆனால் எல்லாரும் சிரித்தவுடன் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது” என்றாள்.

அச்சொல் நம்மைச் சுட்டது. போனது ஒரு மதிப்பெண் என்றன்றோ எண்ணியிருந்தோம்! தான் அறிந்த உண்மையையே ஒரு பிள்ளை ஐயுறும்படி செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஈடாக ஏதேனும் தர வேண்டுமென்று தோன்றவே, சரிபார்த்த விந்தை ஒன்றைச் சொன்னோம்: “அவிலாப் புனித தெரேசம்மாள் 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு ஸ்பெயினில் உயிர்நீத்தார். அதற்கு மறுநாள் என்ன தேதி தெரியுமா? அக்டோபர் 15!”

சிறுமியின் கண்கள் விரிந்தன. ஆனால் உடனே, “இதற்குச் சான்று என்ன, ஐயா?” என்றாள்.

நம் உள்ளம் குளிர்ந்தது. பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு, கதிரவனின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீண்டிருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது 10 நாளாகத் திரண்டு, பாஸ்குத் திருநாளைக் கணிப்பதில் குழப்பம் விளைத்தது. திருத்தந்தை 13-ஆம் கிரகோரி அந்த 10 நாள்களை நீக்கி ஆணையிட்டார். ஸ்பெயின் உடனே ஏற்றது என்று விளக்கினோம். அவள் புனிதர் வரலாற்று நூலொன்றை எடுத்து வந்து, திருநாள் அக்டோபர் 15 என்பதைத் தானே பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு, பங்குத்தந்தையின் இசைவுடன், திருப்பலிக்குப் பின் நம் தவற்றை எல்லார் முன்னிலையிலும் அறிவித்தோம். எதிரணியின் பரிசைத் திரும்பப் பெறவில்லை, அச்சிறுவர்மீது குற்றமில்லையே! அவளுடைய அணிக்கும் அதே தம்ளர்களை நம் செலவில் வாங்கிக் கொடுத்தோம்.

உணவு வேளையில் பிள்ளைகளுக்கு விந்தைகள் சொல்லும் பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே! தாராளமாகச் சொல்லுங்கள், வீட்டுக்கு அது களிப்பூட்டும். ஆனால் பிள்ளை “சான்று என்ன?” என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். பிள்ளையோடு சேர்ந்து புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நம் கணக்கேட்டில் இப்போது ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எங்கே கிடைத்தது என்பதையும் எழுதி வருகிறோம்.