சேற்றுக்கும் ஒரு டிக்கெட்!

சேற்றில் கால் வைக்கக் கூடாது என்றுதான் அப்பா என்னை பி.காம். படிக்க வைத்தார். நான் இங்கிலாந்து போய், பவுண்டில் பணம் கட்டிச் சேற்றில் இறங்கினேன் சார்!

எஸ்ஸெக்ஸ் பக்கம் மால்டன் என்று ஊர். 1973-ல் ஒரு மதுக்கடைக்காரர் சவால் விட, ஒருத்தர் டின்னர் கோட்டோடு ஆற்றுச் சேற்றோரம் சாப்பாடு பரிமாறிக் காட்டினார். மறு வருஷம் இருபது பேர் ஆற்றின் குறுக்கே ஓடி, பீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். (சும்மா ஓடுவார்களா?) அதுவே இன்று நூற்றுக்கணக்கானோர் ஓடும் பந்தயம். கடல்நீர் வடிந்த நேரத்தில், பிளாக்வாட்டர் ஆற்றுப்படுகையில் சுமார் 400 மீட்டர். வசூல், தர்ம காரியத்துக்கு.

இரண்டு மாசம் மெரினா மணலில் ஓடிப் பழகினேன். சுத்த தண்டம்! மணல் சறுக்கும், சேறு விடவே விடாது. மற்றவர்கள் ஷூவைக் காலோடு டேப் சுற்றியிருந்ததன் அர்த்தம் பத்தாவது அடியில் புரிந்தது. என் வலது ஷூவை வாராக்கடனில் எழுதிவிட்டேன்.

"நிக்காதடா, நின்னா புடிச்சுக்கும். குதிகாலை மொதல்ல தூக்கு!" வரப்பில் நின்ற என்னிடமல்ல, வயலில் இறங்கிய அண்ணனிடம் அப்பா சொன்னது. தூக்கினேன். வந்தது! மீதியை நாலு காலில் தவழ்ந்தேன். பாரம் பரவுவதால் புதையாது; நிமிர்ந்து நின்ற பயில்வான்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கரையேறினால் எல்லோரும் ஒரே கலர். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பேரன் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாள்!

ராத்திரி போன் போட்டேன்.

"கூலி குடுத்தாங்களா?" என்றார் அப்பா.

"நான்தாம்ப்பா பணம் கட்டினேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வெரல் இடுக்குல சேத்துப்புண் வரும், வேப்பெண்ணெய் தடவு. குறுவை நடவுக்கு இங்க ஆளே கெடைக்கல. வர்றியா? டிக்கெட் கெடையாது."