வாய் திறக்கும் பூ

டென்வரில் மகன் வீட்டுக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாளே எனக்குப் பொழுது போகவில்லை. கொல்லையில் வேலியோரம் ஏழெட்டுச் செடிகள் தானாக முளைத்து, முழங்கால் உயரம் நின்றன. ஜூலை மாசம். நுனியில் கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ, நடுவே முட்டைக் கரு போட்டமாதிரி ஆரஞ்சுத் திட்டு.

பேத்திதான் கண்டுபிடித்தாள். பூவின் இரண்டு கன்னத்தையும் அழுத்தினால் வாயைத் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. ''தாத்தா, பேசுது!'' அதன் பின்னால் வால் மாதிரி நீண்டிருப்பதில்தான் தேன். சின்னப் பூச்சிக்குக் கதவு திறக்காது. கனத்த வண்டுத் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் வழி.

தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டைப் பெயர்த்து வாசலிலும் நட்டேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். பெயர் டோட்ஃப்ளாக்ஸாம். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தது, வேலி தாண்டி மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிவிட்டதாம். கொலராடோவின் களைப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஒரே செடி 30,000 விதை வரை போடுமாம்.

நம் உண்ணிச்செடி கதையேதான்! 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது, இன்றைக்கு முதுமலைக் காட்டில் புல்லை முளைக்கவிடாமல் மண்டிக் கிடக்கிறது. ஊரில் அதைத் திட்டிக்கொண்டே, இங்கே அதே வேலையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

விதை கட்டுவதற்குள் பூவை நறுக்கிப் பையில் கட்டினேன். வேரைத் தோண்டினால் போய்க்கொண்டே இருக்கிறது. துளி வேர் மிஞ்சினாலும் துளிர்க்குமாம். பேத்தி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பாட்டி சமாதானத்துக்கு ஒரு விதைப் பொட்டலம் தந்தார். அதே குடும்பத்தில் மொராக்கோக்காரர். ஒரே வருஷத்துச் செடி. ஊதாவும் ரோஸுமாகப் பூக்கும், வாயும் திறக்கும். விதை தூசிதான். மணலில் கலந்து, குளிர் விடும்போது தூவி, மண் மூடாமல் லேசாக அழுத்தினால் போதும். நெருக்கமாக முளைத்தால் இடைவெளி விட்டுக் களைந்துவிட வேண்டும். மகனிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

மே மாசம் போன் வந்தது. ''அப்பா, அந்த விதையைத் தூவினேன். ஒண்ணுகூட வரலை. நீங்க பிடுங்கினதுதான் வாசல்ல முளைச்சு நிக்குது.''

பின்னாலிருந்து பேத்தி கத்தினாள்: ''தாத்தா, நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்!''