ஊர் சுற்றினால் சோறு கிடைக்குமா?



"படிச்சு முடிச்சுட்டு என்னடா பண்ணப் போற?" மூன்றாமாண்டு வந்ததிலிருந்து கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று எங்கே போனாலும் இந்தக் கேள்விதான். ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "ஊர் ஊராப் போகணும் பெரியப்பா. போன இடத்தைப் பத்தி எழுதணும். தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும். அதுலயே பொழைக்கணும்." பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அதுல சோறு எங்கடா வருது?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். தங்கை பிளஸ் டூ. இந்த வீட்டிலிருந்து ஒருவன் ஊர் சுற்றக் கிளம்பினால், கணக்கோடுதான் கிளம்ப வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் சொந்தக் கணக்கு. போன வருடம் பாம்பன் போனேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண் மட்டும் லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போய்க் கப்பலுக்கு வழி விடும். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய பாலம். அது ஓடிய காலத்தில் இரண்டு பக்கமும் கதவு திறப்பது போல் மேலே தூக்கும். தூக்குவதற்கு ஆட்கள் நின்று கையால் சுற்றுவார்களாம். இரண்டுக்கும் நூறு வருடத்துக்கு மேல் வித்தியாசம். நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடம் கடலுக்கு நடுவில் நிற்கிற மாதிரி இருந்தது!

பஸ், ரயில், சாப்பாடு, ஒரு ராத்திரி தங்கல் எல்லாம் சேர்த்துச் செலவு 1,150 ரூபாய். திரும்பி வந்து மூன்று நாள் உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். ஒரு பத்திரிகை 800 ரூபாய் கொடுத்தது. பிறகு அதே பாலத்தை வைத்து, அரியர் வைத்திருந்த ஜூனியர் ஏழு பேருக்கு நான்கு நாள் சாயங்காலம் எதிர் எடை, கப்பி, திருப்புத்திறன் எல்லாம் நடத்தினேன். தலைக்கு 200 வீதம் 1,400. ஆக வரவு 2,200. செலவு போக மிச்சம் 1,050. மொத்தம் ஒன்பது நாள் உழைப்பு. நாளொன்றுக்கு 116 ரூபாய் சொச்சம்!

அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "சித்தாள் கூலிகூட வரலையேடா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சரி, இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். இரண்டு பேர் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். அவரைக் கவிழ்த்தது ஒரு மெஷின் என்றால் நம்புவீர்களா? அச்சு எழுத்துக்களைத் தானே கோக்கும் பெய்ஜ் எந்திரம். அதில் சுமார் 18,000 உறுப்புகள். ஓடினால் அற்புதமாக ஓடும். ஆனால் அடிக்கடி நின்றுவிடும். அதைவிட எளிமையான லைனோடைப் 1886-லேயே பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டது. ட்வைன் போட்ட பணம் ஏறக்குறைய 3 லட்சம் டாலர் போயே போச்சு. 1894-ல் அவருடைய பதிப்பகமும் திவாலானது. (டிசைன் பேப்பரில் உதிரி பாகங்களைக் குறைக்கச் சொல்லி நம் சார் ஏன் கத்துகிறார் என்று இப்போது புரிகிறதா?)

கடன்காரர்களுக்கு முழுத் தொகையையும் கட்டச் சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. ஆனாலும் கட்டியே தீருவேன் என்று 1895 ஜூலையில், ஐம்பத்தொன்பது வயதில், உடம்பு சரியில்லாத நிலையில் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசினார். கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் நம் சென்னையிலும் ஒரு நாள் நின்றது. அந்தப் பயணத்தையே புத்தகமாக எழுதி 1897-ல் வெளியிட்டார். 1898-ல் கடன் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. ஒரே பயணம், டிக்கெட் வாங்கிக் கேட்டவர்களிடமிருந்து ஒரு வரவு, புத்தகம் வாங்கியவர்களிடமிருந்து இன்னொரு வரவு.

அடேயப்பா என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. ஒன்று, அந்த மேடைக்கு முன்னால் முப்பது வருட உழைப்பு இருந்தது. அதற்கும் முன்னால் அவர் அச்சகத்தில் அப்ரண்டிஸ்; அப்புறம் மிசிசிப்பி ஆற்றில் லைசென்ஸ் வாங்கிய படகு பைலட். கைத்தொழில் தெரிந்தவர்.

இன்னொன்று, அவர் கொடுத்த விலை. பயணம் முடிந்து அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, 1896 ஆகஸ்டில், அமெரிக்காவில் மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். வயது இருபத்து நான்கு. தாய் கப்பலில் வந்துகொண்டிருந்தாள். தகப்பன் கடலுக்கு இந்தப் பக்கம். இருவரும் பக்கத்தில் இல்லை. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு அப்பத்தாவுக்குப் போன் போட்டேன்.

இரண்டாமவர் நம்மவர். 1911-ல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையைப் பார்த்துக்கொண்டவர், ஜப்பானுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய் கேமரா பிடிக்கும் தொழிலைப் படித்தார். கவனியுங்கள், தொழில்தான் படித்தார்! அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு, காந்தியடிகளைப் படம் பிடித்திருந்தவர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் தேடிப் போய்ப் படச்சுருள் சேர்த்தார். 1940-ல் அந்த ஆவணப்படம் வெளியானது. பயணத்தைப் பற்றி எழுதி எழுதியே 'உலகம் சுற்றிய தமிழன்' என்று பெயர் வாங்கினார். 1943-ல் 'குமரி மலர்' தொடங்கி, 1983-ல் மறையும்வரை அதன் ஆசிரியராக இருந்தார். நாற்பது வருடம்! கால் எங்கே போனாலும் ஊன்றி நிற்க ஒரு இடம் இருந்தது.

"இப்ப காலம் மாறிப்போச்சு, ஒரு லேப்டாப் போதும்" என்று ஹாஸ்டலில் ஒரு கோஷ்டி சொல்லும். பாதி உண்மை. சுற்றுலா விசாவில் போய் அந்த ஊரிலேயே வேலை பார்த்துச் சம்பளம் வாங்க முடியாது. எஸ்டோனியா 2020-ல், தூரத்திலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்தது. பிறகு பல நாடுகள் கொண்டுவந்தன. ஆனால் மாதம் இவ்வளவு வருமானம் என்று முதலில் காட்டச் சொல்கிறார்கள். அதாவது, சம்பாதிக்கத் தெரிந்தவன்தான் சுற்ற வரலாம்.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் நம் துறையில் படித்து வெளியேறிய சீனியர் ஒருவர் வந்தார். ஒரு சி.என்.சி. மெஷின் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். டிப்ளமோதான். திங்கள் கோயம்புத்தூர், புதன் ஓசூர், அடுத்த வாரம் புனே. மெஷினை இறக்கி, மட்டம் பார்த்து, ஓட்டிக் காட்டுவார். ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவார். மறுநாள் அங்கிருக்கும் ஆபரேட்டர்களுக்கு இரண்டு நாள் டிரெயினிங். டிக்கெட்டும் பேட்டாவும் கம்பெனி கொடுக்கும்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. பயணம், எழுத்து, பயிற்சி மூன்றும் இங்கேயே இருக்கிறதே! "அண்ணே, இதுல என்னண்ணே கஷ்டம்?" என்று கேட்டேன். சிரித்தார். "தீபாவளிக்கு மெஷின் நின்னா தீபாவளி அங்கதான்டா. ஆனா ஒண்ணு, ரிப்போர்ட்டை ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவன் எங்க டிபார்ட்மெண்ட்ல ரெண்டு பேர்தான். அவங்களத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க."

ஆகவே நண்பர்களே, கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே ஊரில் நிற்கும் புரொடக்‌ஷன் வேலையைவிட, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சர்வீஸ் பிரிவைக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஐந்து வருடம் போகட்டும். கை நிறைய மெஷின் தெரிந்திருக்கும். நோட்டு நிறைய ஊர் இருக்கும். அதற்குமேல் தனியாகக் கிளம்ப முடியுமா என்பதை அன்றைய கணக்கு சொல்லும்.

அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "சம்பளம் வரும், சரி. வீட்ல இருக்க மாட்டியேடா" என்கிறார். தங்கை மட்டும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள்: போகிற ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு கடிதம், அதுவும் கையால் எழுதியது. இந்த வருமானமில்லாத எழுத்து வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

உங்களில் யாருக்காவது என்னைப் போல் கால் அரிப்பு இருந்தால், ஒன்று செய்யுங்கள். இந்த லீவில் ஒரு அணை, ஒரு பாலம், ஒரு சர்க்கரை ஆலை எதையாவது போய்ப் பாருங்கள். இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒரு ஜூனியருக்குப் புரிய வையுங்கள். செலவையும் வரவையும் பைசா விடாமல் குறித்து வையுங்கள். அடுத்த வருட மலரில் உங்கள் கணக்கைப் படிக்கக் காத்திருக்கிறேன். 116 ரூபாயை மிஞ்சினால் டீ என் செலவு!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை