கோடு விழும் இடம்

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் பழைய மழைப் பதிவேடுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. முன்னேடுகளில் அங்குலம், பின்னேடுகளில் மில்லிமீட்டர். அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, ஆண்டு வாரியாகக் கூட்டி, வரைபடமாக்கினேன். அதன்மேல் பெட்டிட் சோதனையை ஓட்டினேன். தொடரில் மாற்றம் நிகழ்ந்த இடத்தைத் தேட, 1979 இல் வெளிவந்த முறை அது. அளவுகளை விட்டு அவற்றின் தரவரிசையை மட்டும் பார்ப்பதால், ஓரிரு பேய்மழை ஆண்டுகள் அதை ஏமாற்றிவிடாது. மழை குறைந்த இடம் என்று ஓர் ஆண்டைக் காட்டியது.

அந்த ஆண்டில் தடித்த சிவப்புக் கோடொன்றை மேலிருந்து கீழாக இழுத்தேன். அது பிழை. பார்த்தவர்கள் எல்லோரும் கோட்டைத்தான் பார்த்தார்கள், மழையைப் பார்க்கவில்லை. இப்போது ஆண்டுத் தொகைகளை மங்கலான புள்ளிகளாக வைக்கிறேன். மாற்றத்துக்கு முந்திய சராசரி ஒரு கிடைக்கோடு, பிந்திய சராசரி இன்னொன்று. கண் முதலில் இரண்டுக்கும் இடையிலான படியின் உயரத்தைக் காண வேண்டும்; அங்கே மிளகு நட்டவருக்குத் தேவையான செய்தி அதுதான். செங்குத்துக் கோடு மெல்லிய புள்ளிக்கோடாகிவிட்டது. அதன் இருபுறமும் மாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளுக்கு வெளிர்நிறப் பட்டை. அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறேன். நடுவில் வெட்டினால் சிறு படியும் மலைச்சரிவாகத் தெரியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. படத்தில் அந்த ஆண்டு உயர்ந்து நிற்கும் ஒற்றைப் புள்ளி. எங்களுக்கு அது மறக்கவே முடியாத ஆண்டு. ஆனாலும் ஒரு புள்ளியை வைத்து நான் படி வரையமாட்டேன்.

காரணம் தேடுவதுதான் கடினம். அம்பன் கங்கையின் குறுக்கேயுள்ள மொரகஹகந்தை அணை 2017 சனவரியில் நீர் தேக்கத் தொடங்கியது. அந்த ஆற்றின் ஓட்டத்தை ஆராய்பவருக்கு அந்தத் தேதி கையில் இருக்கிறது. ஆனால் தேதி பொருந்தினால் போதாது. அஸ்வானில் நைல் ஆற்றின் ஆண்டு நீர்வரத்து 1898 ஐ ஒட்டிச் சுமார் 11,000 கோடி கன மீட்டரிலிருந்து 8,500 கோடிக்கு இறங்கியது. பழியை அங்குள்ள அணைமேல் போடத் தோன்றும். அந்த அணை கட்டி முடிந்ததோ 1902 இல்.

படத்தை, அந்த ஏடுகளை எழுதி ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோனேன். புள்ளிக்கோட்டின்மேல் விரலை வைத்தார். "அந்த வருசந்தான் தம்பி மழைமானிய ஆபீஸ் முன்னால இருந்து பேக்டரிப் பக்கம் மாத்துனோம். கிட்டத்திலயே பெரிய பலாமரம்."

மழைமானிக்கும் மரத்துக்கும் இடையே மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்காவது தூரம் வேண்டும். இல்லாவிட்டால் மழையில் ஒரு பங்கு மரத்தோடு நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்தின் பதிவை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வரைந்தேன். படி முன்னைவிடத் தெளிவாக எழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மழை குறையவில்லை. புள்ளிக்கோட்டின் அடியில் 'மழைமானி இடம் மாறியது' என்று எழுதினேன்.

வித்தியாசப் படத்தில் இன்னொரு சிறு படியும் இருக்கிறது. அதன் அடியில் இன்னும் எதுவும் எழுதவில்லை. அந்த வருட ஏட்டில் கையெழுத்து வேறாக இருக்கிறது. ஐயாவிடம் மறுபடி போக வேண்டும்.